"முடிஞ்சது தம்பி" என்று சொன்னதற்கு 580 வெள்ளி

2016 தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மலேசியாவின் பினாங்கில், ஜாலான் டத்தோ கெராமாட் சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் மைவி காரைப் பின்னால் வந்த ஒரு பழைய புரோட்டோன் வீரா கார் முட்டியது. பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ பின்சீட்டில் தொப்பென்று உட்கார்ந்த மாதிரி ஓர் ஆட்டம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் பம்பரில் ஒரு கீறல், ஒரு மூலையில் சின்னக் குழி. வீராவிலிருந்து இறங்கியது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுத் தம்பி. கழுத்தில் மாலை, முகம் வெளுத்துப்போயிருந்தது. "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே, தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறேன், விரதத்துல இருக்கேன், போலீஸ் ரிப்போர்ட்டுன்னு வேணாம்ணே, இப்பவே செட்டல் பண்ணிடுறேன்" என்று சொல்லிக்கொண்டே பர்ஸைத் திறந்து 200 வெள்ளியை (ரிங்கிட்) எடுத்து நீட்டினான். சாமி காரியமாக இருக்கிற பிள்ளையை ஏன் அலைய விடவேண்டும் என்று நானும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சது தம்பி, பார்த்து ஓட்டு" என்று பெரிய மனுஷன் மாதிரி தோளில் தட்டி அனுப்பி வைத்தேன்.

அந்த "முடிஞ்சது"க்கு நான் கொடுத்த விலை 580 வெள்ளி. தைப்பூசம் முடிந்து அடுத்த வாரம் ஜெலுத்தோங்கில் வழக்கமாகப் போகிற வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். பம்பரைக் கழற்றாமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார் தவுக்கே, அதாவது கடை முதலாளி. கழற்றினால், உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம் வளைந்திருக்கிறது, பம்பரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் இரண்டு பக்கமும் உடைந்திருக்கின்றன, பூட் மூடி ஒரு பக்கம் லேசாக இறங்கியிருக்கிறது. மழை பெய்தால் பூட்டுக்குள் தண்ணீர் வருமா என்று கேட்டார், வராது என்றேன், இனிமேல் வரும் என்றார். மொத்தம் 780 வெள்ளி. தம்பிக்கு போன் போட்டேன்.

"அண்ணே, அன்னைக்கே முடிஞ்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். போனை வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் திட்டினேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவன் என்னை ஏமாற்றவில்லை. விலை சொன்னது அவன், தலையாட்டியது நான், பம்பருக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. தெரியாத சாமானுக்கு ரோட்டில் நின்று விலை பேசிவிட்டு அப்புறம் குறைசொல்ல முடியுமா?

இதில் இன்னும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்றைக்கே ரிப்போர்ட் செய்திருந்தால் எனக்கு ஒரு காசு செலவில்லை. பின்னாலிருந்து முட்டப்பட்டவன் நான். இரண்டு காருக்கும் முழுக் காப்புறுதி இருந்து, தப்பு எதிராளி மேல் என்று போலீஸ் முடிவு சொல்லிவிட்டால், நம்முடைய காப்புறுதி நிறுவனத்திடமே நம் காரைச் சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம், கிளெய்ம் செய்யாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற நோ கிளெய்ம் தள்ளுபடியிலும் (என்.சி.டி.) கை வைக்கப்படாது. நாக் ஃபார் நாக் என்பார்கள், பேப்பர்களில் கே.எஃப்.கே. என்றிருக்கும். நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, எனக்கும் அதுவரை தெரியாது. "கிளெய்ம் பண்ணா என்.சி.டி. போயிடும்" என்ற ஒரே வரியை அப்பா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்ததால், தப்பே செய்யாதவனும் அதே பயத்தில் கையிலிருந்து செலவழிக்கிறான்.

ஆக முட்டப்பட்டவர் நீங்கள் என்றால் ஒரு விஷயம். ரோட்டில் எதிராளி "செட்டல் பண்ணிக்கலாம்" என்று கேட்கும்போது அவர் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறார். உதவி செய்யலாம், நானும் பல பேருக்குச் செய்யச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அது உதவி என்று தெரிந்து செய்யவேண்டும், 200 வெள்ளி கிடைத்ததே என்று செய்யக்கூடாது.

சரி, இப்போது இரண்டாவது கதை. இதில் முட்டியது நான்.

2023 நவம்பர் 22, புதன்கிழமை, தீபாவளி முடிந்து பத்து நாள், கையில் காசு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மழை. ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில், அதாவது நாங்கள் இன்னும் கிரீன் லேன் என்றே சொல்லும் ரோட்டில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் விடுகிற நேரத்து ஜேமில் ஊர்ந்துகொண்டிருந்தேன். முன்னால் போன ஆக்சியா கார் நகர்ந்தது, நானும் காலை எடுத்தேன், அது நின்றது, நான் நிற்கவில்லை. போன் எல்லாம் பார்க்கவில்லை, கொஞ்சம் தூக்கக் கலக்கம், அதுதான் உண்மை.

இறங்கியவர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா, மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக வந்தவர். காரில் அவர் மட்டும்தான். முதல் வேலையாக "அக்கா, அடி ஏதும் பட்டுச்சா, கழுத்து வலிக்குதா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அடுத்து என்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 2016இல் இதில் ஒன்றையும் செய்யவில்லை.

இரண்டு கார்களும் நிற்கிற இடத்திலேயே, நகர்த்துவதற்கு முன், படம் எடுத்தேன். அடிபட்ட இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் போதாது, பத்தடி தள்ளி நின்று, ரோட்டுக் கோடும் சிக்னலும் இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுக்கவேண்டும். எல்லாம் ஒரு நிமிட வேலை, பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அப்புறம் ஓரம் கட்டினோம். அவர் ஐ.சி.யையும் (அடையாள அட்டை) லைசென்ஸையும் நான் படம் பிடித்தேன், என்னுடையதை அவர் பிடித்தார். படம் மட்டும்தான். சிலர் "காசு தர்ற வரைக்கும் உன் ஐ.சி. என்கிட்ட இருக்கட்டும்" என்பார்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரோட் டாக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டவேண்டிய கட்டாயம் 2023 பிப்ரவரியோடு போய்விட்டதால் இப்போது கண்ணாடியைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, அதனால் இரண்டு பேரும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மை ஜே.பி.ஜே. ஆப்பைத் திறந்து தேதியைக் காட்டிக்கொண்டோம். எதிராளியின் ரோட் டாக்ஸோ காப்புறுதியோ காலாவதியாகியிருந்தால் தனியாகப் பேசி முடிக்கிற பேச்சையே எடுக்காமல் நேராகப் போலீசுக்குப் போய்விடுவது நல்லது. டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை அங்கேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், அது சுற்றிச் சுற்றிப் பழையதை அழித்துக்கொண்டே இருக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் சில சமயம் இருக்காது.

இதற்குள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்துவிட்டார். யார் சொல்லி வந்தார் என்று சாமிக்குத்தான் வெளிச்சம், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "போஸ், ரிப்போர்ட் நான் போட்டுத் தர்றேன், கிளெய்ம் நான் பார்த்துக்கிறேன், ஒரு காசு நீங்க கட்ட வேணாம்" என்று ஒரு கையில் கார்டு, இன்னொரு கையில் ஏதோ ஃபாரம். இழுவை லோரி ஆட்கள். எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் ஓடுகிற காரை இழுத்துப்போக ஏன் இவ்வளவு அவசரம்? கையெழுத்தும் கூடாது, சாவியும் கூடாது. கார் நகராவிட்டால் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் நம்பருக்குத்தான் முதலில் போன் போடவேண்டும், பெரும்பாலான பாலிசிகளில் இழுவைச் சேவை சேர்ந்தே இருக்கும், அந்த நம்பர் போனில் இல்லையென்றால் இன்றைக்கே போட்டு வையுங்கள்.

அக்கா கேட்டார், "எவ்வளவு தம்பி ஆகும்?" வாயில் முந்நூறு என்று வந்துவிட்டது, விழுங்கினேன். "தெரியாதுக்கா. பம்பரைக் கழட்டினாத்தான் தெரியும். இப்ப நானும் ஒரு விலை சொல்லக்கூடாது, நீங்களும் ஒரு விலை கேட்கக்கூடாது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நழுவப் பார்க்கிறானோ என்று நினைத்திருப்பார். "வாங்க, முதல்ல ரெண்டு பேரும் ரிப்போர்ட் பண்ணுவோம்" என்றதும்தான் முகம் கொஞ்சம் இளகியது.

ரிப்போர்ட் விஷயத்தில் நிறையப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தனியாக முடித்துக்கொள்வதே சம்மன் வராமல் இருக்கத்தானே, அப்புறம் எதற்குப் போலீசுக்குப் போவது என்று. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்யச் சொல்கிறது, பேசி முடித்தால் வேண்டாம் என்று அதில் விதிவிலக்கு இல்லை. சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். என் மச்சான் பட்டர்வொர்த்தில் ஒரு மோட்டார்க்காரரை லேசாக உரசிவிட்டு 150 வெள்ளி கொடுத்து, கைகுலுக்கி, ரிப்போர்ட் எதுவும் செய்யாமல் வந்தான். மூன்றாம் நாள் அந்த ஆளுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல் என்று தெரிந்தது. அவர் போய் ரிப்போர்ட் செய்தார். போலீசில் இருந்த ஒரே கதை அவருடைய கதை, அதில் மச்சான் முட்டிவிட்டு ஓடிப்போனவன். 150 வெள்ளி கொடுத்ததற்கும் கைகுலுக்கியதற்கும் சாட்சி யார்? அந்தப் பிரச்சினை தீர ஒன்றரை வருஷம் ஆனது. மோட்டார், நடந்து போகிறவர், சைக்கிள், யாருக்காவது சின்னச் சிராய்ப்பு, இதில் எது இருந்தாலும் தனியாகப் பேசுகிற பேச்சே கிடையாது என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். கம்பெனி கார், வாடகைக் கார், அரசாங்க வண்டி, வெளிநாட்டு நம்பர், இவையும் அப்படித்தான், ரோட்டில் நிற்கிற ஆளுக்கு முடிவெடுக்கிற அதிகாரமே இருக்காது.

அன்று மாலையே ஜாலான் பட்டாணியில் இருக்கிற மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு இரண்டு பேரும் போனோம். உட்கார்ந்து காத்திருந்ததுதான் பெரிய வேலை. விசாரணை அதிகாரி இரண்டு காரையும் படம் எடுத்தார், இரண்டு பேரையும் கேட்டார், எனக்கு 300 வெள்ளி சம்மன் எழுதினார். கிளெய்ம் செய்தாலும் வருகிற சம்மன்தான் அது, அதனால் இதைத் தனியாக முடித்ததன் செலவில் நான் சேர்ப்பதில்லை. "செலெசாய் செண்டிரி கா?" என்று கேட்டார், ஆமாம், நாங்களே பேசித் தீர்த்துக்கொள்வதாகச் சொன்னோம், சரி என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான். இதற்குப் போய் பூதம் மாதிரிப் பயப்படுகிறோம்.

வெளியே வந்து தே ஓ குடிக்கும்போது அக்காவிடம் நானே சொன்னேன், உங்களுக்கு நாக் ஃபார் நாக் கிளெய்ம் இருக்கிறது, உங்கள் தள்ளுபடி போகாது, அதை விட்டுவிட்டு என்னோடு பேசுகிறீர்கள் என்றால் எனக்குச் செய்கிற உதவி அது என்று. இதை ஏன் சொன்னாய் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். சொல்லாமல் விட்டிருந்தால் பத்து நாள் கழித்து அக்காவின் அண்ணனோ அலுவலகத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள், பாதி வேலை நடக்கும்போது "நீ என்னை ஏமாத்தப் பார்த்தே" என்று ஆரம்பித்திருக்கும். அக்கா யோசித்துவிட்டு, கிளெய்ம் என்றால் சேதத்தை மதிப்பிடுகிற அட்ஜஸ்டர் வந்து பார்க்கவேண்டும், அனுமதி வரவேண்டும், காரைக் கொண்டுபோய்ப் போட்டால் எப்போது திரும்பும் என்று தெரியாது, மகனுக்குப் பள்ளி இருக்கிறது, நீ ஒழுங்காகச் செய்து தருவதாக இருந்தால் சரி என்றார்.

நான் ஏன் கிளெய்ம் வேண்டாம் என்று நினைத்தேன் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உணர்ச்சியில் எடுத்த முடிவு இல்லை. என் பாலிசியில் தள்ளுபடிக்கு முந்திய பிரீமியம் ஏறக்குறைய 1,200 வெள்ளி. எனக்கு உச்ச அளவான 55 விழுக்காடு தள்ளுபடி, அதனால் வரி சேர்க்காமல் 540 கட்டுகிறேன். என் பாலிசியின் மேல் ஒரு கிளெய்ம் வந்தால் தள்ளுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும், அங்கிருந்து வருஷா வருஷம் 25, 30, 38.33, 45, 55 என்று ஏறவேண்டும். முதல் வருஷம் 1,200 கட்டுவேன், இப்போது கட்டுவதைவிட 660 அதிகம். அடுத்த வருஷம் 900, அதில் 360 அதிகம். அப்புறம் 300, 200, 120. கூட்டினால் 1,640 வெள்ளி. கார் பழசாக ஆகக் காப்புறுதித் தொகையும் பிரீமியமும் மாறும், அதனால் இது ஒரு தோராயம்தான், ஆனாலும் கோடு எங்கே என்று தெரிந்துவிடுகிறது. அக்காவின் காருக்கும் என் காருக்கும் சேர்த்து 1,640க்குள் முடிந்தால் கையிலிருந்து கொடுக்கலாம், அதைத் தாண்டினால் கிளெய்ம். இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். போன வருஷம் என் அண்ணன் மகள், கார் வாங்கி முதல் வருஷம், தள்ளுபடியே இல்லாதவள், 1,100 வெள்ளியைக் கையிலிருந்து கொடுக்கப்போனாள். அதே 1,200 பிரீமியத்துக்கு அவள் கணக்கைப் போட்டுப் பார்த்தோம், கிளெய்ம் செய்தால் அடுத்த ஐந்து வருஷத்தில் அவளுக்கு இழப்பு 660தான். "போம்மா, போய் கிளெய்ம் பண்ணு" என்று அனுப்பினேன்.

இன்னொன்று, கிளெய்ம் செய்யாவிட்டாலும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லவேண்டும். என் பாலிசியில் ஏழு நாளுக்குள் என்று இருக்கிறது. நிறுவனத்தைக் கேட்காமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்றும் இருக்கிறது, இது கிட்டத்தட்ட எல்லா பாலிசியிலும் உண்டு, யாரும் படிப்பதில்லை. பின்னால் விவகாரம் பெரிதாகி நிறுவனத்திடம் போய் நின்றால் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதனால் ஒரு மின்னஞ்சல் போட்டேன், இந்த நாள் இந்த இடத்தில் சின்ன விபத்து, ரிப்போர்ட் நம்பர் இது, கிளெய்ம் செய்யும் எண்ணம் இல்லை, தகவலுக்கு மட்டும் என்று. பதிலாக ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம் வொர்க்‌ஷாப். அக்கா சர்வீஸ் சென்டரில் கேட்டு வந்த விலை 1,450. எனக்குத் தலை சுற்றியது. என் ஜெலுத்தோங் தவுக்கே கழற்றாமல் 600 என்றார். இங்கேதான் பெரும்பாலும் உறவு கெடும், ஏனென்றால் கார் அவருடையது, காசு என்னுடையது, இரண்டு பேருக்கும் பேச உரிமை இருக்கிறது. "அக்கா, ஒரிஜினல் சாமான்தான் போடுவாங்க, நீங்களே பெட்டியைப் பார்த்துக்கலாம், பெயின்ட் நிறம் ஒத்துப்போகலைன்னா மறுபடி அடிச்சுத் தருவாங்க, அதுக்கு நான் பொறுப்பு" என்று பேசி, அவரையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை போனேன். அவர் கண்ணெதிரே பம்பரைக் கழற்றினார்கள். அதே பழைய கதை, உள்ளே இரும்புச் சட்டம் வளைந்திருந்தது. 600 என்றது 850 ஆனது: பம்பர் 260, பெயின்ட் 250, சட்டம் 130, கொக்கிகளும் சில்லறையும் 60, கூலி 150. நான் முகத்தைச் சுளிக்கவில்லை. 2016இல் என் மைவிக்கு நடந்ததுதான் இது, அந்தத் தம்பி அன்று இங்கே நின்று பார்த்திருந்தால் அவனும் புரிந்துகொண்டிருப்பானோ என்னவோ.

பணத்தை அக்கா கையில் கொடுக்கவில்லை, வொர்க்‌ஷாப் கணக்குக்கு நேராக அனுப்பினேன், சாமான் ஆர்டர் செய்ய பாதி, வேலை முடிந்து அக்கா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மீதி. ஒவ்வொரு முறையும் குறிப்பில் கார் நம்பரைப் போட்டேன். ரொக்கம் வேண்டாம், ரொக்கத்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

ஒன்றை நான் கோட்டை விட்டேன். கார் மூன்று நாள் வொர்க்‌ஷாப்பில் நிற்கும்போது மகனை எப்படிப் பள்ளிக்கு அனுப்புவார் என்று யோசிக்கவே இல்லை. வேலை பாதியில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் கிராப் வாடகைக் கார் ரசீதுகள் வந்தன, மொத்தம் 90 வெள்ளி சொச்சம், கூட ஒரு வரி, "தம்பி இதையும் பார்த்துக்கப்பா". முதலில் எரிச்சல் வந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் நூறாக அனுப்பிவிட்டேன், கார் இல்லாத நாளுக்கு இழப்பு கேட்பது காப்புறுதி வழியிலும் இருக்கிறதுதான், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் முதல் நாளே பேசியிருக்கவேண்டிய விஷயம்.

கடைசியில் கையெழுத்து. ஒரு பக்கத்தில் மலாயில் எழுதினேன், நாளைக்குப் போலீஸோ கோர்ட்டோ யார் பார்த்தாலும் படிக்கவேண்டும் என்பதற்காக. தேதி, நேரம், இடம், இரண்டு கார் நம்பர், பெயர்கள், ஐ.சி. நம்பர்கள், ரிப்போர்ட் நம்பர்கள், 850ம் 100ம் எதற்கு யாருக்கு எப்போது போனது என்று. காரின் சேதத்துக்கும் கார் இல்லாத நாள்களுக்கும் இது பெஞ்ஞெலெசாயான் பெனூ டான் முக்தாமாட், அதாவது முழுமையான இறுதித் தீர்வு, இதற்கு மேல் யாரும் யாரிடமும் கேட்பதில்லை, காப்புறுதி வழியாகவும் கேட்பதில்லை என்று ஒரு வரி. தப்பு யாருடையது என்ற பேச்சை அதில் எடுக்கவே இல்லை. "என் தப்புதான்" என்று எழுதிக் கொடுத்தால்தான் மனிதத்தன்மை என்று நினைக்கிற ஆள் நான், ஆனால் மன்னிப்பை வாயால் கேட்டாகிவிட்டது, தாளில் தேவையில்லை.

அக்கா பேனாவை எடுக்கும்போதுதான் கிராண்ட், அதாவது காரின் பதிவுப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கணவர் பெயரில்! கார் சொந்தக்காரர் அவர், அவர் நாளைக்குத் தனியாக வந்து எனக்குத் தெரியாது என்றால் இந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? அவர் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். அவர் வேலைக்குப் போகிற வழியில் சுங்கை நிபோங்கில் ஒரு மாமாக் கடையில் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். அண்ணன் அதிகம் பேசாத ஆள், தாளை இரண்டு தடவை படித்தார், ரொட்டி சானாயைப் பிய்த்தபடி "இவ்வளவு எழுதணுமா?" என்றார். "வேணும்ணே, உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றேன். இரண்டு பிரதியிலும் இரண்டு பேரும் போட்டார்கள். பில்லை நான் கட்டப் போனேன், அவர் விடவில்லை.

என் மைவிக்கு முன் பம்பரை ஒரு கெடாய் போத்தோங்கில், அதாவது பழைய கார்களை வெட்டி விற்கிற கடையில், ஒரே நிறத்தில் தேடிப் பிடித்தேன், விளக்குப் பிடிப்பையும் சேர்த்து 350. ஆக, 850, 100, 350, மொத்தம் 1,300. இழந்திருக்கக்கூடிய 1,640இல் இதைக் கழித்தால் மிச்சம் 340 வெள்ளி, அதற்குப் பதினேழு நாள் அலைச்சல், மூன்று சனிக்கிழமை, எண்ணற்ற வாட்ஸ்அப். பெரிய லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு 400 வெள்ளிக்குச் சேதம் கூடியிருந்தால் நானே கிளெய்முக்குத்தான் போயிருப்பேன்.

மறுநாள் காலையும் ஒரு வாரம் கழித்தும் அக்காவுக்குக் கழுத்து வலி ஏதும் இருக்கிறதா என்று கேட்டுப் போட்ட செய்திகளும், "ஒண்ணும் இல்ல தம்பி" என்று அவர் அனுப்பிய பதில்களும், அந்தத் தாளும், பணம் அனுப்பிய ரசீதுகளும், டேஷ்கேம் பதிவும் ஒரு கோப்பில் இருக்கின்றன. இப்படிப்பட்ட விவகாரத்தில் வழக்குப் போட இங்கே ஆறு வருஷம் அவகாசம் இருக்கிறது. போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மனைவி அந்தக் கோப்பைப் பழைய பேப்பர் கட்டில் வைத்துவிட்டாள். எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்து, மேலே பெரிய எழுத்தில் "நவம்பர் 2029 வரை தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.